கூட்டு முடிவு

சம்பவம் நடந்தபோது கண்ணாடிக் கூடத்தில் இருந்தவர்கள்:

மேஸ்திரி. (இப்போது இல்லை.)

மேஸ்திரியின் தம்பி. கண்ணாடி வெட்டுகிறவர். வைர முனைக் கத்தியைக் கீழே வைக்கவே மாட்டார் என்பதால் பெயர் வைரம். (பேச்சு குறைவு. எனக்குப் பிடிக்கவில்லை.)

மேஸ்திரியின் மருமகன். கட்டைகளைச் செய்தவர். பட்டப்பெயர் இலக்கணம். (சம்பவத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனாலும் கொன்றது நான்தான் என்கிறார்.)

மேஸ்திரியின் மகள். இலக்கணத்தின் மனைவி. நம்மைக் கூப்பிட்டவர். (மாடிப்படியில் நின்றிருந்தாராம்.)

கட்டைகள், பதினொன்று. (டீ கேட்காத சாட்சிகள் இவை மட்டும்தான்.)

"அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதை யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டார் அரைக்கண்.

"நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க. யாராவது எழுதணுமே அத்தான்," என்றாள் ரேடியோ.

அரைக்கண் என்பது அவருடைய இமைகளுக்குக் கிடைத்த பெயர். எந்நேரமும் பாதி மூடியிருக்கும். ஆள் தூங்குகிறார் என்று நம்பி அவர் முன்னால் தாராளமாகப் பொய் சொன்னவர்கள் பலர். ரேடியோ அவருடைய மச்சினி, இறந்துபோன மனைவியின் தங்கை. அணைக்க முடியாது என்பதால் அந்தப் பெயர். துப்பறியும் வேலையில் அவருக்கு இருக்கும் ஒரே உதவியாள்.

மூன்று நாளைக்கு முன்பு, காலை பதினொன்றே கால் வாக்கில், இரண்டு ஆள் உயரக் கண்ணாடி ஒன்று சாய்ந்து மேஸ்திரி இறந்தார். கண்ணாடியைப் பிடித்திருந்தவை பதினொரு இயந்திரக் கட்டைகள். இன்று நாலு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வாக்குமூலம் வாங்க வருகிறார். மருமகன் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். போட்டால் சிறைக்குப் போவார்.

மணி இப்போது இரண்டு.

மகள் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அழுது முடித்த முகம் இல்லை. இன்னும் அழ ஆரம்பிக்காத முகம்.

"எங்க வீட்டுக்காரர் பண்ணல சார். அவர் கூடத்துலயே இல்ல. நீங்க அதை மட்டும் காட்டிட்டா போதும்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான், படியில. மேல ஆபீஸ்ல இருந்தேன். அப்பாவும் இவரும் கத்துறது கேட்டு இறங்கி வந்தேன்."

"எதுக்குக் கத்தினாங்க?"

"அந்தப் பேச்சை விடுங்க சார். மாமனார் மருமகன் சண்டை எந்த வீட்டுல இல்ல? இவர் கைக்கட்டையைக் கழட்டிக் கொக்கியில மாட்டிட்டு வெளிய போயிட்டார். அப்பா கீழ உக்காந்து கண்ணாடிக்கு அடியில மரச்சட்டம் வெச்சிட்டு இருந்தார். அப்ப அந்தக் குரல் வந்துது."

"கட்டைகளோட குரலா?"

"ஆமா. 'நாம் விடுகிறோம்'னு. அவ்வளவுதான் சொல்லுச்சு. கண்ணாடி சாஞ்சுது."

ரேடியோ அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அவள் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், ஆனால் ஒரு எழுத்தையும் விடாது.

"வேற ஏதாவது?" என்றார் அரைக்கண்.

மகள் கொஞ்சம் தயங்கினாள். "கட்டைங்க கண்ணைப் பாருங்க சார். நான் யார் மேலயும் பழி போடல. விடுங்க, நீங்களே பாப்பீங்க."

கூடத்தில் ஈரக் கண்ணாடித் தூளின் வாசனை இருந்தது. பெருக்கித் துடைத்திருந்தார்கள். தரையில் ஓரிடத்தில் மட்டும் மணல் கொட்டியிருந்தது. யாரும் அந்த மணலை மிதிக்காமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது காலடித் தடங்களில் தெரிந்தது.

மணலுக்கு அந்தப் பக்கம் கட்டைகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு தையல் மெஷின் அளவு. தனியாக இருந்தால் சக்கரத்தில் ஊர்ந்து போகும் வெறும் பெட்டி. ஒன்றோடொன்று முகம் வைத்துக் கொக்கி போட்டுக்கொண்டால் ஓர் உடம்பாகிவிடும். நாலு காலாக வேண்டுமா, நீளக் கையாக வேண்டுமா, அவையே பேசி வைத்துக்கொள்ளும். கண்ணாடியைப் பிடிக்க ரப்பர் கிண்ணங்கள், பார்க்கப் பக்கத்துக்கொரு கண். மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். பதினொன்றும் கோத்த கையைக் கோத்தபடி அசையாமல் நின்றன.

"குரூப் போட்டோ எடுக்க நிக்கிற மாதிரியே இருக்கு," என்றாள் ரேடியோ. "இதுல எது தலை?"

"தலை கிடையாதாம்."

"நம்ம வீட்டுக்கு நாலு வாங்கலாம். உங்களுக்கும் வேலை மிச்சம்."

சுவரில் ஒரு பலகை. கட்டைகளுக்குச் சொல்ல வேண்டிய ஐந்து வார்த்தைகள் பெரிய எழுத்தில் இருந்தன. தூக்கு. நில். திரும்பு. இறக்கு. விடு. கடைசி வார்த்தையின் மேல் கூரான எதையோ வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருந்தார்கள்.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி. அதில் பன்னிரண்டாவது கட்டை தொங்கியது. மற்றவற்றைப் போல் இல்லாமல் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளத் தோல் வார். ஆள் கூடவே நின்று வேலை வாங்க வேண்டியிருந்தால் இதைக் கட்டிக்கொள்ள வேண்டும். கைக்கட்டை என்பது இதுதான்.

ரேடியோவுக்கு எதையும் தொடாமல் இருக்க முடியாது. வாரின் பூட்டைத் திறந்து, கையில் சுற்றி, இருந்த ஓட்டையிலேயே மறுபடி பூட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாருங்க அத்தான். எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. தப்பான தொழிலுக்கு வந்துட்டேன் போல."

அரைக்கண்ணின் இமை கொஞ்சம் உயர்ந்தது. "எந்த ஓட்டை?"

"கடைசி."

"அதே ஓட்டையில பூட்டி மாட்டி வை."

பிறகு அவர் மண்டியிட்டுக் கட்டைகளின் கண்களைப் பார்த்தார். ஒன்பது கட்டைகளின் கண்கள் திறந்திருந்தன. மணல் பக்கம் பார்த்த இரண்டின் கண்களில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் மேல் கண்ணாடித் தூள் படிந்திருந்தது. நேற்று ஒட்டியது இல்லை.

வைரம் வெட்டும் மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கண்ணாடி இருந்தது. கத்தி கையில் இருந்தது. வெட்டவில்லை.

"டேப் யார் ஒட்டினது?"

"நான்தான்."

"என்ன சார், நான் இன்னும் பேனா மூடியே கழட்டல," என்றாள் ரேடியோ.

வைரம் அவளைப் பார்க்கவில்லை. "ஒரு கட்டை கண்ணுல மனுசன் பட்டாலும் பதினொண்ணும் நின்னுடும். அது அதுங்க சட்டம். நல்ல சட்டம்தான். ஆனா என் மேசை இங்க இருக்கு. நான் தும்மினா நிக்கும். தண்ணி குடிக்க எழுந்தா நிக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை. அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, இந்தப் பக்கத்துக் கண்ணைக் கட்டுடான்னாரு. கட்டினேன்."

"அன்னிக்கு அவர் இந்தப் பக்கமா உக்காந்திருந்தாரா?"

"போதும் சார்."

அரைக்கண் காத்திருந்தார்.

"மூணு நாளா இதைப் பிச்சு எடுக்கணும்னு கிட்ட போறேன். எடுத்தா மறைச்ச மாதிரி ஆகும். எடுக்கலைன்னா தினம் பாக்கணும். திரும்பி வந்து உக்காந்துடுறேன்."

"குரல் கேட்டுதா?"

"கேட்டுது. 'நாங்கள் விடுகிறோம், விலகி நில்லுங்கள்'னுச்சு. தேய்ப்பு மெஷின் ஓடிட்டு இருந்துது. அந்தச் சத்தத்துல மனுசன் பேச்சு எதுவும் எனக்குக் கேக்காது. கட்டையோட ஒலிபெருக்கி மட்டும்தான் கேக்கும். அண்ணனுக்கு அதுவும் கேக்காது. முப்பது வருசம் மெஷின் பக்கத்துல நின்னு காது போச்சு. நான் திரும்புறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"திரும்புறதுக்குள்ளன்னா, அதுவரைக்கும் பாக்கலையா?"

"கோடு இழுக்கும்போது தலை தூக்க மாட்டோம் சார். தூக்கினா கோடு போயிடும்."

"யாராவது 'விடு'ன்னு சொல்லியிருப்பாங்களா?"

வைரம் முதல் முறையாக நிமிர்ந்தார். கன்னத்தில் அறை வாங்கியவர்போல.

"இந்தக் கூடத்துல அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம்."

"ஏன்?"

"ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கண்ணாடி தூக்கிட்டுப் போவோம். நடுவுல ஒருத்தன் எதுக்காகவாவது அந்த வார்த்தையைச் சொன்னா, அடுத்தவன் கை தானா தளரும். யோசிக்காது. தளரும். அதனால கத்துக்க வர்றவனுக்கு முதல் நாளே சொல்லிடுவோம். ரெண்டாவது தடவை வாய்ல வந்தா அறைதான். இறக்குன்னு சொல்லு, வையின்னு சொல்லு, தள்ளுன்னு சொல்லு. அதை மட்டும் சொல்லாதே. வீட்டுலயும் வராது எங்களுக்கு."

"அப்ப காதல் தோல்வின்னா கூட இருக்கிறவங்க என்ன சொல்லித் தேத்துவாங்க?" என்றாள் ரேடியோ. "'போதும் மச்சி, அவளை வையி மச்சி'ன்னா?"

வைரத்தின் உதடு அசைந்தது. சிரிப்பதற்கு இல்லை. "அந்தப் பலகையைக் கீறினது அண்ணன்தான். மாப்ள கிட்ட மாசக்கணக்கா கேட்டாரு, அந்த ஒரு வார்த்தையை மாத்துன்னு. வார்த்தையில என்ன மாமா இருக்குன்னு அவன் மாத்தல. அன்னிக்குச் சண்டையும் அதுக்குத்தான்."

வெளியே வந்ததும் ரேடியோ நோட்டை மூடினாள். "டேப்பு. கேஸ் முடிஞ்சுது. மாப்பிள்ளை தப்பிச்சார், சித்தப்பா மாட்டினார். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"அதுங்க ஏன் நிக்கலைங்கிறதுக்குத்தான் டேப் பதில். ஏன் பிடியைத் தளர்த்துச்சுங்கிறதுக்கு இல்ல."

"அட, நீங்களும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேங்கிறீங்களே."

அரைக்கண் கண்ணாடிகள் சாத்தி வைத்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு கண்ணாடியிலும் அவர் ஒரு தடவை தெரிந்து மறைந்தார். ஏழு வருடத்துக்கு முன்பு ஓர் ஆள் அவர் முன்னால் உட்கார்ந்து நான்தான் செய்தேன் என்றான். அரைக்கண்ணுக்கு அன்று சளி. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அவன் செய்யவில்லை என்பது அவன் நாலு வருடம் சிறையில் இருந்த பிறகு தெரிந்தது. அதற்குள் அவன் மகன் அப்பாவின் முகத்தையே மறந்து வளர்ந்துவிட்டான். இதைப் பற்றி ரேடியோ ஒரு நாளும் வேடிக்கை பேசியதில்லை.

இலக்கணம் பின்கட்டில் தன் அறையில் இருந்தார். மேசை நிறையத் திருகாணிகள், கம்பிச் சுருள்கள், இன்னும் செய்து முடிக்காத ஒரு கட்டையின் திறந்த வயிறு. பருமனான ஆள். கைக்கடிகாரத்தின் பட்டை சதைக்குள் அழுந்தியிருந்தது. ஒரு தாளை மேசையில் தள்ளினார்.

"கட்டைகளோட பதிவு. பதினொண்ணு பதினேழு. பாருங்க, 'கூட்டு முடிவு'ன்னு போட்டிருக்கு."

"யார் ஆரம்பிச்சதுன்னு இருக்காதா?"

"இருக்காது. அதுதான் சார் இதோட பெருமைன்னு நினைச்சேன். ஒண்ணுக்குத் தெரிஞ்சது எல்லாத்துக்கும் தெரியும். ஒண்ணு கெட்டாலும் மத்தது நடத்தும். முடிவு எல்லாரோடதும்."

"அதாவது யாரோடதும் இல்ல," என்றாள் ரேடியோ. "எங்க வீட்டுக் கல்யாணத்துல எல்லாரும் உப்பு போட்டுட்டு, கேட்டா யாருமே போடலைன்னு சொன்ன கதைதான்."

"இது என்னோடது மேடம்." அவர் குரலில் கோபம் இல்லை. பல தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம்போல வந்தது. "கைக்கட்டை கொக்கியில இருந்துது. மனுஷக் குரல் இல்ல. அப்ப அதுங்களாத்தான் முடிவு பண்ணியிருக்கு. அடியில மரச்சட்டம் தாங்கினா, கண்ணாடி உக்காந்துடுச்சுன்னு எடுத்துக்கோ, ஆள் சொல்லக் காத்திருக்காதேன்னு போன வாரம் நான்தான் அனுமதி குடுத்தேன். கண்ணை மூடினா என்ன பண்ணணும்னு சொல்லித் தரல. பாக்க முடியலைங்கிறதும் யாரும் இல்லைங்கிறதும் அதுக்கு ஒண்ணுதான். மாமா கேட்டது ஒரே ஒரு வார்த்தை. பிடிவாதமா மாத்தல. கடைசியா அவர் கிட்ட பேசினதே அதுதான். வார்த்தையில என்ன இருக்குன்னு."



"கைக்கட்டையைக் கட்டினா என்ன ஆகும்?" என்று கேட்டார் அரைக்கண்.

"வார் பூட்டினதும் அந்த ஆளும் ஒரு கட்டை. பன்னிரண்டாவது. அவர் சத்தமா ஒரு வார்த்தை சொன்னா அதுவும் கூட்டு முடிவுல சேரும்."

"கட்டைங்க அந்த ஆள் கிட்டயும் பேசுமா?"

"பேசும். மணிக்கட்டுலயே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கு. அவருக்கு மட்டும் கேக்கும்."

"அதுலயும் இதேதான் சொல்லுமா? 'நாங்கள் தூக்குகிறோம், விலகி நில்லுங்கள்'னு?"

இலக்கணத்தின் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

"அதெப்படிச் சார் அதையே சொல்லும்? வெளியாளுக்குத்தான் 'நாங்கள்'. கையில கட்டினவர் உள்ளாள். அவருக்கு 'நாம்'. 'நாம் தூக்குகிறோம்', அவ்வளவுதான் வரும். உடம்போட சேந்தவரைப் போய் விலகி நில்லுன்னு சொல்ல முடியுமா?"

"இவ்வளவு கறாரா எதுக்கு?"

"கேக்கிறவங்களுக்குத் தெரியணும்ல. 'நாங்கள்'னா நீ ஒதுங்கிக்கோன்னு அர்த்தம். 'நாம்'னா நீயும் பொறுப்பு."

ரேடியோவின் பேனா நின்றது. அவள் நோட்டின் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். வைரத்தைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, மாடிப்படிக்குப் போனாள். ஒரு வரியில் விரல் வைத்தாள். வாயைத் திறந்தாள்.

அரைக்கண் நோட்டை வாங்கி மூடினார்.

"உங்க கைக்கு வார் எந்த ஓட்டையில பூட்டும்?" என்று இலக்கணத்திடம் கேட்டார்.

"முதல் ஓட்டை. அதுவே இறுக்கம்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

வெளி முற்றத்தில் மூன்றே முக்கால் வெயில். ரேடியோ பத்தடி தூரம் பேசாமல் நடந்தாள். அவளுக்கு அது பெரிய தூரம்.

"அத்தான். நம்மளைக் கூப்பிட்டதே அவங்கதான்."

"ஆமா."

"வேணும்னு பண்ணியிருக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"டேப்புன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம். பொய் இல்லையே. டேப் இருக்கு. ஒட்டினவரே ஒத்துக்கிறார்."

"எனக்கும் தோணுச்சு," என்றார் அரைக்கண். மாடிப்படி ஏறினார்.

மகள் அலுவலகத்தில் அப்பாவின் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி, அளவு நாடா, காது டாக்டரின் பழைய சீட்டு. ஒவ்வொன்றையும் எடுத்து, பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"டேப்பைப் பாத்தீங்களா சார்?"

"பாத்தோம். உங்க அப்பா கிட்ட எப்படிப் பேசுவீங்க?"

"எப்படின்னா?"

"மெதுவாவா, சத்தமாவா?"

"கத்தித்தான் பேசணும். இல்லைன்னா கேக்காது."

"கட்டைங்களுக்கும் அப்படித்தானாம். சத்தமாச் சொன்னாத்தான் எடுத்துக்கும்."

அவள் அளவு நாடாவைச் சுருட்டினாள். அது முன்பே சுருட்டியிருந்தது.

"அந்தக் குரல் என்ன சொல்லுச்சு? இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"'நாம் வி...'" என்று ஆரம்பித்து நின்றாள். கீழே தேய்ப்பு மெஷின் ஓடாத அமைதி. "'நாங்கள்'," என்றாள். "'நாங்கள் விடுகிறோம்'னு சொல்லுச்சு."

"முன்னாடி வேற மாதிரி சொன்னீங்க."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"உங்க வீட்டுக்காரரைக் கேட்டா அரை மணி நேரம் சொல்வார்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"ஏழு வருஷம்," என்றாள். "கல்யாணம் ஆன புதுசுல, 'நாங்க சினிமாவுக்குப் போறோம்'னு அவர் கிட்டயே சொல்லிட்டேன். 'நான் வரலையா, நாமன்னு சொல்லு'ன்னு திருத்தினார். இன்னிக்கு வரைக்கும் திருத்துறார். அதுல போய் மாட்டினேன் பாருங்க."

ரேடியோ நோட்டைத் திறக்கவில்லை.

"அவர் கோவிச்சிட்டுப் போயிட்டார். கண்ணாடி பாதியில நிக்குது. அப்பா அதுக்கும் கத்துறார். சரி, நான் பிடிக்கிறேன்னு கைக்கட்டையைக் கட்டிக்கிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. அப்பா கீழ உக்காந்து மரச்சட்டம் வெச்சிட்டே திட்டுறார். 'உன் புருஷன் ஒரு வார்த்தையை மாத்த மாட்டேங்கிறான், ஒரே ஒரு வார்த்தை'ன்னு. திரும்பத் திரும்ப அதையே. எனக்குத் தலை வலிச்சுது. 'விடுங்கப்பா'ன்னேன். அவருக்குக் கேக்கணுமேன்னு கத்தினேன்."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"சண்டையை விடுங்கன்னுதான் சார். வேற எந்த வீட்டுலயும் அதைச் சொல்லியிருக்கலாம். சின்ன வயசுல நானே அந்த வார்த்தைக்கு அப்பா கிட்ட அறை வாங்கியிருக்கேன். ஆபீஸ் வேலை, வேற ஆளுங்க, பழகிப் போச்சு. மறந்துட்டேன்."

"அப்புறம்?"

"கையில 'நாம் விடுகிறோம்'னுச்சு. எனக்குப் புரியறதுக்கு ஒரு நொடி ஆச்சு. நில்லுன்னு சொல்லியிருந்தா நின்னிருக்கும். அந்த ஒரு நொடிதான்."

"கைக்கட்டையைத் திரும்பக் கொக்கியில மாட்டியிருக்கீங்க."

"மாட்டினேன். சித்தப்பா அப்பா மேல இருந்த கண்ணாடியைத் தள்ளிட்டு இருக்கார். நான் கழட்டி, வாரைப் பூட்டி, கொக்கியில மாட்டுறேன். எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கிற புத்தி." அளவு நாடாவையும் எடுத்த இடத்திலேயே வைத்தாள். "முதல் நாள் சொல்லியிருக்கணும். அன்னிக்கு வாய் வரல. ரெண்டாவது நாள் இவர் 'நான்தான் கொன்னேன்'னு ஆரம்பிச்சுட்டார். சாப்பிடல, தூங்கல. கட்டைங்க தானா முடிவு பண்ணி மாமாவைக் கொன்னுடுச்சு, அதுக்கு வழி செஞ்சவன் நான்னு சுவத்தைப் பாத்து சொல்லிட்டு இருக்கார். அது தானா பண்ணலன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்துல படுத்துட்டுக் கேட்டுட்டு இருந்தேன்."

"அதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க."

"டேப் இருக்குன்னு தெரியும். கண்டுபிடிப்பீங்க, முடிஞ்சுதுன்னு எழுதிட்டுப் போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

"சித்தப்பா உள்ள போயிருப்பார்."

"தெரியும்," என்றாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. "தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஏழு நிமிடம். கீழே ஒரு வண்டி வந்து நின்றது. கதவு அடிக்கும் சத்தம்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க சார்?"

"கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு." அரைக்கண் எழுந்தார். "ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒருத்தன் பொய்யா ஒத்துக்கிட்டான். நான் எழுதிக் குடுத்துட்டு சீக்கிரம் வீட்டுக்குப் போயிட்டேன். இன்னிக்குப் போகல. கீழ பெஞ்சுல உக்காந்திருப்பேன். உங்க வீட்டுக்காரர் உள்ள போறதுக்குள்ள நீங்க வரலைன்னா, நான் எழுந்திருப்பேன். அவ்வளவுதான்."

படியிறங்கும்போது ரேடியோ மெதுவாகச் சொன்னாள். "கூப்பிட்டவங்களையே மாட்டி வைக்கிற துப்பறிவாளரை அடுத்து யார் கூப்பிடுவாங்க?"

அரைக்கண் திரும்பவில்லை.

"சும்மா சொன்னேன் அத்தான்."

கீழ் நடையின் கடைசியில் விருந்தினர் அறை. அதைத்தான் ஆய்வாளருக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி. கக்கத்தில் கோப்பு, கையில் அறைச் சாவி. வாக்குமூலம் வாங்கும்போது உள்ளிருந்து பூட்டிக்கொள்வது அவர் வழக்கம். நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்.

இலக்கணம் பெஞ்சில் இருந்தார். கையில் அந்த ஒரு தாள். அவருக்கு எதிர்ப் பெஞ்சில் அரைக்கண்ணும் ரேடியோவும்.

"யாரு முதல்ல?" என்றார் ஆய்வாளர்.

இலக்கணம் எழுந்தார். இரண்டு அடி வைத்தார். அரைக்கண் முழங்காலில் கை ஊன்றி எழப்போனார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வேகமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை. மகள் இறங்கி வந்தாள். கூடத்துக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் கைக்கட்டை இருந்தது. வார் கடைசி ஓட்டையில் பூட்டியபடி இருந்தது. நேராகக் கணவரிடம் வந்து, தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"உக்காருங்க."

"நீ எதுக்கு இங்க வந்தே? மேல போ. நான் பேசிட்டு வரேன்."

"அது கொக்கியில இல்லைங்க அன்னிக்கு."

"எது?"

அவள் கைக்கட்டையைக் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. மூன்று நாளாகத் தூங்காத முகத்தோடு அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் விளக்கவில்லை. ஒரே வரி சொன்னாள்.

"எனக்கு 'நாம்'னு கேட்டுது."

அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அவர்தான் எழுதி வைத்திருந்தார், அது யாருக்குக் கேட்கும் என்று அவருக்குத்தான் தெரியும். கையிலிருந்த தாள் மடங்கியது. முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. கட்டைகள் தானாகக் கொல்லவில்லை. அடுத்த நொடி அந்த நிம்மதியைப் பார்த்து அவரே பயந்துபோனார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னே?" என்று கேட்டார், மிக மெதுவாக. "எந்த வார்த்தை?"

"நீங்க மாத்தாத வார்த்தை."

ஆய்வாளர் கோப்பைக் கைமாற்றினார். "என்னம்மா, யாராவது ஒருத்தர் வாங்க."

"நான் வரேன்," என்றாள் மகள்.

இலக்கணம் எழுந்து அவள் கையைப் பிடித்தார். "இரு. நானும் வரேன். நாம ரெண்டு பேரும்..."

"ஒவ்வொருத்தராத்தான்," என்றார் ஆய்வாளர்.

மகள் கணவரின் விரல்களைப் பார்த்தாள். அவற்றை அவளாக விலக்கவில்லை. அவரிடம் விடுங்கள் என்று சொல்லவும் இல்லை. வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்குவது எதிர்ப் பெஞ்சுக்குத் தெரிந்தது.

"போதும்ங்க," என்றாள்.

அவர் கை தளர்ந்தது.

அவள் உள்ளே போனாள். ரேடியோ நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, பட்டியலில் மகளுக்கு நேராக 'மாடிப்படியில் நின்றிருந்தாராம்' என்று அடைப்புக்குறிக்குள் இருந்ததை அடித்தாள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. கதவு மூடிக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.